கொரியக் குளிர்கால உடையும் ‘எல்லாரையும் போல’ இருக்கும் கட்டாயமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென் கொரியாவுக்குப் படிக்க வரும் தமிழ் மாணவர்கள், அவர்களுடைய அம்மா அப்பா, ஊரில் கொரிய நாடகம் பார்க்கும் என் சொந்தக்காரர்கள் என்று எல்லாரும் அக்டோபர் பிறந்தால் என்னிடம் கேட்பது உடை பற்றித்தான். குளிர் தாங்குமா என்று ஆரம்பிப்பார்கள். பேச்சு வளர்ந்ததும் ஏன் எல்லாரும் ஒரே மாதிரி உடுத்துகிறார்கள் என்பதில் வந்து நிற்கும். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே தந்திருக்கிறேன். முதலில் குளிர், அப்புறம் ஜாக்கெட், அதன் பிறகு அந்த ஜாக்கெட் பள்ளிப் பிள்ளைகளைப் படுத்தும் பாடு. கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு முக்கியம், அதனால் அங்கே பதில்கள் நீளும்.

1. அங்க நிஜமாவே அவ்வளவு குளிரா, இல்ல சும்மா ஸ்டைலுக்குப் போடறாங்களா?

நிஜமான குளிர்தான். சியோலில் ஜனவரி மாதத்தின் சராசரி வெப்பநிலை மைனஸ் 2 டிகிரி அளவில் இருக்கும். சைபீரியாவிலிருந்து வடமேற்குக் காற்று இறங்கும் நாட்களில் விடிகாலை மைனஸ் 10, சில நேரம் மைனஸ் 15 வரைகூடப் போகும். காற்று வறண்டிருக்கும். வானம் பளிச்சென்று வெயிலோடு இருக்கும், அதைப் பார்த்து ஏமாந்து மெல்லிய ஸ்வெட்டரோடு வெளியே போகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. மூன்று நாள் கடுங்குளிர், நான்கு நாள் இதமான குளிர் என்று மாறி மாறி வரும் என்பது அங்கே பழைய பேச்சு வழக்கு. தெற்கே புசானிலும் ஜெஜு தீவிலும் இவ்வளவு கடுமை கிடையாது.

ஆனால் வீட்டுக்குள் கதை வேறு. ஓந்தோல் என்னும் தரைச்சூடு இருப்பதால் உள்ளே நுழைந்ததும் டி-ஷர்ட் போதும். பேருந்து, மெட்ரோ, வகுப்பறை எல்லாவற்றிலும் ஹீட்டர் ஓடும். அதனால் கொரியக் குளிர்கால உடையின் அடிப்படையே சட்டென்று கழற்ற முடியவேண்டும் என்பதுதான். உள்ளே மெல்லியதாக ஒன்றிரண்டு அடுக்கு, வெளியே கனமாக ஒன்று. அந்த வெளி உடையைத்தான் ஊரே பார்க்கிறது. இனி வரும் கேள்விகள் முழுக்க அதைப் பற்றியவை.

2. பேடிங் பேடிங்னு சொல்றாங்களே, அது என்ன? கோட்டும் அதுவும் ஒண்ணா?

வாத்து அல்லது வாத்தினப் பறவையான கூஸின் மென்சிறகையோ செயற்கைப் பஞ்சையோ உள்ளே அடைத்துத் தைத்த ஜாக்கெட்டைக் கொரியர்கள் பேடிங் என்கிறார்கள். இடுப்போடு நிற்பது ஷார்ட் பேடிங். முழங்காலுக்குக் கீழே இறங்குவது லாங் பேடிங். கை இல்லாதது வெஸ்ட், அதைக் கோட்டுக்கு உள்ளேகூடப் போட்டுக்கொள்வார்கள். கோட்டு என்றால் அவர்களுக்குக் கம்பளித் துணியில் தைத்த நீளக் கோட்டு மட்டும்தான்.

உறைந்து செத்தாலும் கோட்டுதான் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு ஒல்ஜுக்கோ என்று பட்டப்பெயர். உறைந்து செத்தாலும் ஐஸ் அமெரிக்கானோதான் என்பவர்களுக்கும் இதே பாணியில் ஒல்ஜுகா என்று ஒரு பெயர் உண்டு. இரண்டு வகையினரையும் ஜனவரியில் எந்தக் காபிக் கடை வாசலிலும் பார்க்கலாம்.

3. நாடகத்துல ஹீரோ கோட்டு பட்டனைக்கூடப் போடாம நடக்கறாரே, அவருக்கு மட்டும் குளிராதா?

குளிரும். உள்ளே தெர்மல் உடையும், முதுகிலும் வயிற்றிலும் ஹாட் பேக் என்னும் சூட்டுப் பொட்டலமும் வைத்திருப்பார்கள். நடிகர்களின் படப்பிடிப்புத் தளப் படங்களைப் பார்த்தால் தெரியும்: காட்சி முடிந்த அடுத்த நொடி கணுக்கால் வரை நீளும் ஒரு கறுப்பு பேடிங்குக்குள் புகுந்துவிடுவார்கள். அந்த உடுப்புக்கும் இந்தப் பக்கத்தில் ஒரு பங்கு இருக்கிறது, 5வது கேள்வியில் வருகிறேன்.

4. ஏன் எல்லாரும் கறுப்பு? மெட்ரோல ஏறினா யாரு யாருன்னே தெரியலையே.

கொரியர்களே இதைக் கவனித்திருக்கிறார்கள். நீளக் கறுப்பு பேடிங்கில் வரிசையாகப் போகும் மாணவர்களை நடக்கும் கிம்பாப் என்பார்கள். சோற்றைக் கடற்பாசியில் சுருட்டிய அந்த உருளைக்கும் இவர்களுக்கும் தூரத்திலிருந்து வித்தியாசம் தெரியாது என்பது அவர்கள் கணக்கு.

கறுப்புக்கு நடைமுறைக் காரணங்களே நிறைய. பெரும்பாலான குடும்பங்களில் ஒரு பிள்ளைக்கு ஒரே ஒரு கனமான ஜாக்கெட்தான், அதுவும் இரண்டு மூன்று குளிர்காலம் ஓடவேண்டும். கறுப்பில் அழுக்கு தெரியாது, அடிக்கடி சலவைக்குப் போட வேண்டாம், சீருடையோடு ஒத்துப்போகும், பிறகு விற்றாலும் விலை போகும். இத்தனைக்கும் மேல், கறுப்பு போட்டால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள் என்ற நிம்மதி. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இந்தக் கடைசிக் காரணத்தை மட்டும் பிடித்துக்கொண்டு பரிதாபப்படுகிறார்கள். என் பார்வையில் கறுப்பு பெரும்பாலும் ஒரு அடைக்கலம். எல்லாரும் கறுப்பாக இருக்கும் இடத்தில் வசதி குறைந்த பிள்ளை தனியாகத் தெரிவதில்லை. தொல்லை நெஞ்சின் இடப்பக்கம் தைத்திருக்கும் சின்ன லோகோவில் இருக்கிறது.

5. லாங் பேடிங் பைத்தியம் எப்ப, எப்படி ஆரம்பிச்சது?

முதலில் அது விளையாட்டு வீரர்களின் உடை. ஆட்டத்துக்கு நடுவே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது உடல் சூடு குறையாமல் இருக்கப் போடுவது. அங்கிருந்து படப்பிடிப்புக் குழுவினருக்கும் பாடகர்களுக்கும் போனது. தொலைக்காட்சி நிலையத்துக்கு விடிகாலையில் வரும், ஐடல் எனப்படும் கே-பாப் பாடகர்களின் படங்கள் இணையத்தில் பரவ, அவர்கள் தோளில் கிடந்த பேடிங் ரசிகப் பிள்ளைகளுக்கு வந்துவிட்டது.

உச்சம் 2017 நவம்பர். 2018 பிப்ரவரியில் பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடக்கவிருந்தது. அதற்காக லொத்தே டிபார்ட்மென்ட் ஸ்டோர் 1,49,000 வோனுக்கு (வோன் கொரிய நாணயம்) ஒரு லாங் பேடிங்கை விற்பனைக்கு விட்டது, மொத்தம் 30,000 மட்டும். கூஸ் சிறகு அடைத்த அதே மாதிரியான உடை மற்ற பிராண்டுகளில் இதைப்போல இரண்டு மூன்று மடங்கு விலை. கடை வாசலில் இரவு முழுக்க வரிசையில் படுத்துக் கிடந்தார்கள். விற்றுத் தீர்ந்ததும் மறுவிற்பனையில் விலை ஏறியது.

அந்த வரிசையை வெறும் பைத்தியக்காரத்தனம் என்று எழுதியவர்கள் உண்டு. அப்போது குறைந்தபட்சக் கூலி மணிக்கு 6,470 வோன். 23 மணி நேர உழைப்பில் ஒரு நல்ல கூஸ் ஜாக்கெட் கிடைக்கிறது, அதைப் போட்டுக்கொண்டு போனால் பிள்ளை தலைகுனிய வேண்டியதும் இல்லை. வரிசையில் நின்ற பல அம்மாக்களும் அப்பாக்களும் கணக்குத் தெரிந்தவர்கள் என்றுதான் நான் சொல்வேன்.

6. அதுக்கு முன்னாடி நார்த் ஃபேஸ்னு ஒரு பிரச்சனை வந்துச்சாமே?

2011, 2012 குளிர்காலங்களில். நார்த் ஃபேஸ் என்னும் பிராண்டின் குட்டையான, உப்பலான பேடிங் உயர்நிலைப் பள்ளிகளில் இரண்டாவது சீருடை என்று பெயர் வாங்கியது. அதோடு நின்றிருந்தால் வெறும் மோஸ்தராகப் போயிருக்கும். மாணவர்களிடையே இணையத்தில் ஒரு தரவரிசைப் படம் சுற்றியது: 2.5 லட்சம் வோன் மாடல் போட்டவன் அடிமட்டம், 7 லட்சம் வோன் மாடல் போட்டவன் தலைவன். ஒரே கடை, ஒரே லோகோ. அதற்குள்ளேயே சாதி பிரிப்பதுபோல் அடுக்குப் பிரித்தார்கள்.

2012இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 4,580 வோன். உச்சத்தில் இருந்த ஜாக்கெட்டை வாங்க ஒருவர் 150 மணி நேரத்துக்கு மேல் உழைக்க வேண்டும், கிட்டத்தட்ட நான்கு வார வேலை. கடையில் நின்று பாத்திரம் கழுவும் அம்மாவிடம் ஒரு பிள்ளை இதைக் கேட்கிறது என்று நினைத்துப் பாருங்கள். பெற்றோரின் முதுகெலும்பை முறிக்கும் பொருள் என்ற அர்த்தத்தில் துங்கொல் பிரேக்கர் என்ற சொல் அப்போது பரவியது. இன்றும் விலையுயர்ந்த பிள்ளைப் பொருள் எது வந்தாலும் செய்தித்தாள்கள் அந்தச் சொல்லைத்தான் எடுக்கின்றன.

7. ஜாக்கெட்டுக்காகப் பிள்ளைங்க அடிச்சுக்கிட்டாங்கன்னு சொல்றது உண்மையா?

உண்மை. 6வது கேள்வியில் சொன்ன காலத்தில் ஜாக்கெட்டைப் பறித்துக்கொள்வது, கழற்றி வாங்கிக்கொண்டு திருப்பித் தராதது, மிரட்டிப் பணம் வாங்கிப் புதிது எடுப்பது போன்ற வழக்குகள் போலீஸ் வரை போயின.

மனதை விட்டு நீங்காத ஒரு சம்பவம் 2018 நவம்பரில் இஞ்சியோனில் நடந்தது. நடுநிலைப் பள்ளியில் படித்த ஒரு சிறுவனை அவன் வயதொத்த சிலர் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் வைத்து அடித்தார்கள். தப்பிக்கப் பார்த்தபோது அவன் விழுந்து இறந்தான். கைதான பையன்களில் ஒருவன் நீதிமன்றத்துக்கு வந்தபோது போட்டிருந்த பேடிங் இறந்த சிறுவனுடையது என்று பிறகு தெரிந்தது. மாற்றிக்கொண்டோம் என்று அவன் சொன்னான். நாடே கொதித்தது. அடுத்த வருடம் அவர்களுக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது.

அந்தச் சிறுவன் ஒரு ஜாக்கெட்டுக்காகத்தான் இறந்தான் என்று சொல்வது சரியாகாது. அவன் அனுபவித்த கொடுமையின் ஒரு பகுதியாக அந்த ஜாக்கெட் இருந்தது. பிள்ளையின் உடை திடீரென்று காணாமல் போனாலோ, வேறொருவனுடைய பழைய உடையோடு பிள்ளை வீட்டுக்கு வந்தாலோ கேட்டுவிடுங்கள் என்று பெற்றோரிடம் நான் சொல்வது இதனால்தான்.

8. பள்ளிக்கூடத்துல தடை பண்ணிட்டா முடிஞ்சுதே?

பண்ணிப் பார்த்தார்கள். 2017-18 குளிர்காலத்தில் சில பள்ளிகள் லாங் பேடிங்குக்கே தடை போட்டன. பிள்ளைகளிடையே ஏற்றத்தாழ்வு தெரியக் கூடாது என்பது காரணம். வேறு பல பள்ளிகளில், சீருடையின் பிளேசரைப் போட்டு அதற்கு மேலேதான் ஜாக்கெட் போடலாம் என்று விதி. இறுக்கமான பிளேசருக்கு மேல் கனமான பேடிங் ஏறவே ஏறாது. மைனஸ் 8 டிகிரியில் வாசலில் ஆசிரியர் நிற்கிறாரா என்று எட்டிப் பார்த்து ஜாக்கெட்டைக் கழற்றிப் பைக்குள் திணிக்கும் பிள்ளைகளை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. குளிரில் நடுங்க வைத்துச் சமத்துவம் கற்றுத்தர முடியாது.

தடையால் தரவரிசை ஒழிவதும் இல்லை. ஜாக்கெட்டை எடுத்தால் அது காலணிக்கும் பைக்கும் கைபேசிக்கும் போய் உட்காரும். கொரியாவுக்கு இதில் பழைய அனுபவமும் இருக்கிறது. 1983இல் அரசாங்கம் கட்டாயச் சீருடையை நீக்கியது. பிள்ளைகளிடையே பிராண்டுப் போட்டி, பெற்றோருக்குச் செலவு என்ற புகார்கள் எழ, 1986இல் சீருடையைப் பள்ளிகளே முடிவு செய்யலாம் என்று மாற்றினார்கள். பெரும்பாலான பள்ளிகள் சீருடைக்குத் திரும்பின. உள்ளே எல்லாருக்கும் ஒரே உடை என்று ஆனபின், குளிர்காலத்தில் மேலே போடும் ஜாக்கெட் ஒன்றுதான் பிள்ளையின் கையில் இருக்கும் தேர்வு. அத்தனை போட்டியும் அந்த ஒரு உடையில் வந்து குவிந்தது.

9. கொரியர்களே அப்படித்தானே, கூட்டத்தோடதான் போவாங்க?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் பதிலையும் கையில் வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சுற்றியிருப்பவர்களின் மனநிலையை அறிந்து நடந்துகொள்ளும் பழக்கம், நுன்ச்சி என்பார்கள், கொரியாவில் மதிக்கப்படும் குணம்தான். ஆனால் குணத்தை மட்டும் சொல்லி இவ்வளவையும் விளக்கிவிட முடியாது.

கொரியப் பள்ளியில் ஒரு வகுப்புப் பிள்ளைகள் வருடம் முழுக்க ஒரே அறையில் பெரும்பாலான நேரத்தைக் கழிக்கிறார்கள். அங்கேயே சாப்பாடு. மாலையில் ஹக்வான் என்னும் டியூஷன் மையம், அங்கேயும் பாதிப் பேர் தெரிந்த முகங்கள். வகுப்பில் ஒதுக்கப்பட்டவனை வாங்த்தா என்பார்கள். அப்படி ஒருவன் ஆகிவிட்டால் அந்த வருடம் முடியும்வரை அவனுக்குப் போக்கிடம் கிடையாது. அந்த பயம் உள்ள ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை பாதுகாப்பான ஜாக்கெட்டைக் கேட்பது எந்த நாட்டிலும் நடக்கக்கூடியது. இன்னொரு பக்கம் வியாபாரம். ஐடல் குழுக்களை விளம்பர முகமாக வைத்துக்கொண்டு பிராண்டுகள் ஒவ்வொரு வருடமும் புது மாடல் இறக்குகின்றன. பிள்ளையின் பயத்தை அவர்கள் விலைக்கு விற்கிறார்கள் என்றுதான் நான் சொல்வேன்.

கூட்டத்தோடு போகாதவர்களும் நிறைய. சியோலின் தொங்மியோ சந்தையில் குவியலிலிருந்து பழைய உடை பொறுக்கி உடுத்தும் இளைஞர்களையும், அதே சந்தையில் தங்கள் பாணியில் பளிச்சென்று உடுத்தி வரும் தாத்தாக்களையும் பாருங்கள். குவாங்ஜாங் சந்தை மாடியில் பழைய உடைகளுக்கென்றே கடைகள். ராணுவத்தில் சிப்பாய்கள் உள்ளே போடும் கல்கரி என்ற தையலிட்ட மெல்லிய ஜாக்கெட்டைத் தெருவில் போட்டுக்கொண்டு போகிறவர்களும் உண்டு.

10. பெரியவங்களுக்கு இந்தத் தொல்லை கிடையாதா?

உண்டு, லோகோ மட்டும் மாறும். பல்கலைக்கழகத்தில் குவாஜாம் என்று ஒன்று இருக்கிறது. கல்லூரிப் பெயரும் துறைப் பெயரும் முதுகில் தைத்த ஜாக்கெட். குளிர்காலத்துக்கு அதிலேயே லாங் பேடிங் வடிவமும் அடிப்பார்கள். புது மாணவருக்கு அது சேர்ந்திருக்கும் சந்தோஷத்தைத் தரும், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பல்கலைக்கழகத்தின் தரம்தான் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் என்று நம்பும் சமூகத்தில், மெட்ரோவில் அந்த முதுகைப் படிக்கும் கண்கள் அதன் விலையையும் சேர்த்தே படிக்கின்றன.

அம்மாக்களின் உலகம் இன்னொன்று. சியோலின் கங்னம் பகுதியில் டியூஷன் மையங்கள் நிறைந்த தேச்சி-தொங் என்ற பேட்டை இருக்கிறது. அங்கே பிள்ளைகளைக் கொண்டுவிடும் அம்மாக்களின் சீருடை மோன்க்ளேர் என்னும் விலையுயர்ந்த பிராண்டின் பேடிங் என்று பேச்சு. 2025 பிப்ரவரியில் லீ சு-ஜி என்ற நகைச்சுவை நடிகை அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, நான்கு வயதுப் பிள்ளையை ஹக்வானுக்குக் கூட்டிப்போகும் ஒரு அம்மாவாக நடித்து யூடியூபில் வெளியிட்டார். நாடு முழுக்கச் சிரித்தார்கள். அடுத்த நாட்களில் அந்த ஜாக்கெட்டுகள் செகண்ட் ஹேண்ட் செயலிகளில் விற்பனைக்கு வந்ததாகச் செய்திகள் வந்தன. நேற்றுவரை போட்டால்தான் மரியாதை, இன்று போட்டால் கேலி. ஆட்டத்தில் ஜெயித்தவர்களுக்கும் நிம்மதி கிடையாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

11. இப்ப லாங் பேடிங் பழசாயிடுச்சாமே, வாங்கலாமா வேண்டாமா?

தாராளமாக வாங்கலாம். 2019 வாக்கில் உப்பலான ஃப்ளீஸ் ஜாக்கெட் வந்தது, அப்புறம் ஷார்ட் பேடிங் திரும்பியது. 6வது கேள்வியில் சொன்ன அதே பழைய வடிவம்தான், புது விலையில். கடுங்குளிர் நாட்களில் ஊரே லாங் பேடிங்கைத்தான் திரும்ப எடுக்கிறது. மோஸ்தர் போனதால் உங்களுக்கு விலை குறைவு, அவ்வளவுதான்.

12. மார்ச்ல படிக்க வரேன் அக்கா. எது, எங்க, எவ்வளவுக்கு வாங்கணும்?

கனமான ஜாக்கெட்டை ஊரிலேயே வாங்கிப் பெட்டியை நிரப்பாதீர்கள். கொரியக் கல்வியாண்டு மார்ச்சில் தொடங்குகிறது. வரும்போது பிப்ரவரிக் கடைசியின் குளிர் இருக்கும், அதற்கு ஒரு சாதாரண ஜாக்கெட்டும் தெர்மல் உடையும் போதும். கடுங்குளிருக்கு வேண்டியதைக் கொரியா வந்து பொறுமையாக வாங்கலாம். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் குளிர்கால உடைகளை எதிர்ப்பருவத் தள்ளுபடியில் தள்ளிவிடுவார்கள். வியர்த்து வழியும் நாளில் பேடிங் வாங்குவது விநோதமாக இருக்கும், பரவாயில்லை.

டாப்டென், ஸ்பாவோ, யூனிக்லோ போன்ற கடைகளில் எளிய விலையில் நல்ல பேடிங்கும் தெர்மல் உடையும் கிடைக்கும். இதில் ஒரு சுவையான விஷயம்: பியோங்சாங் லாங் பேடிங்கைத் தயாரித்த ஷின்சொங் நிறுவனம்தான் டாப்டென்னையும் நடத்துகிறது. இன்னும் மலிவாக வேண்டுமானால் தாங்குன் செயலி. அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் பழைய பொருள் விற்கும் இடம் அது, ஒரே குளிர்காலம் போட்ட ஜாக்கெட்டுகள் பாதி விலைக்கும் குறைவாக வரும். வாங்கும்போது உள்ளே இருக்கும் லேபிளைப் பாருங்கள். டவுன் ஜாக்கெட் என்று சொல்ல உள்ளே மென்சிறகு 75 சதவீதமாவது இருக்க வேண்டும், கூஸ் என்று சொல்ல அதில் கூஸ் 80 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. 2025 தொடக்கத்தில் சில பிராண்டுகள் இதை மீறியது வெளியே வந்து பெரிய சர்ச்சையானது, அதனால் லேபிளோடு கடையின் திருப்பிக் கொடுக்கும் விதியையும் பாருங்கள்.

சூட்டுப் பொட்டலத்தைத் தோலின்மேல் நேராக ஒட்டக்கூடாது, மெதுவாகச் சுட்டுக் கொப்புளம் போட்டுவிடும். காலுறை ஓட்டையில்லாமல் இருக்கட்டும். வீட்டிலும் பல சாப்பாட்டுக் கடைகளிலும் காலணியைக் கழற்றித்தான் உட்கார வேண்டும்.

13. கலர் ஜாக்கெட் போட்டா முறைப்பாங்களா?

மாட்டார்கள். மஞ்சள், சிவப்பு, ஊதா எது வேண்டுமானாலும் போடுங்கள். வெளிநாட்டு மாணவரிடம் யாரும் கறுப்பை எதிர்பார்ப்பதில்லை.

14. நல்ல லோகோ வெச்ச டூப்ளிகேட் வாங்கினா என்ன? பார்க்க அதே மாதிரிதானே இருக்கு.

பெரியவர்கள் வாங்குவது அவரவர் விருப்பம், ஆனால் பள்ளிப் பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம். லோகோவின் தையல், ஜிப்பின் எழுத்து, உள் லேபிள் எல்லாம் அந்த வயதுப் பிள்ளைகளுக்கு அத்துப்படி. சாதாரணக் கடை ஜாக்கெட் போட்டுப் போகும் பிள்ளையை யாரும் கவனிக்காமல் விட்டுவிடலாம். போலி போட்டதாகத் தெரிந்தால் அந்தப் பெயர் மாதக்கணக்கில் ஒட்டிக்கொள்ளும்.

15. என் பொண்ணு இங்க நடுநிலைப் பள்ளியில படிக்கறா. "எல்லாரும் அதுதான் போடறாங்க, எனக்கும் வேணும்"னு அழறா. வாங்கிக் கொடுக்கறதா, கண்டிக்கறதா?

குடும்பத்தோடு வந்து வேலை பார்ப்பவர்கள் என்னிடம் கேட்பதில் இதுதான் கடினமான கேள்வி. முதலில் அவள் அழுவது ஆசையிலா பயத்திலா என்று தெரிந்துகொள்ளுங்கள். எல்லாரும் போடுகிறார்கள் என்று சொன்னால், யார் யார், போடாதவர்கள் யார் என்று நிதானமாகக் கேளுங்கள். பெயர்களைச் சொல்லிக்கொண்டு வரும்போது வகுப்பின் நிலவரம் உங்களுக்குத் தெரிந்துவிடும். ஆசை என்றால் பேரம் பேசலாம்: தாங்குனில் பழையது, அல்லது அதே வடிவத்தில் லோகோ பெரிதாக இல்லாத வேறொன்று, அல்லது பாதித் தொகை அவள் சேமிப்பிலிருந்து. முகத்தில் அடித்தாற்போல் "நாம அப்படிப்பட்ட ஆளுங்க இல்ல" என்று முடித்துவிடாதீர்கள். நிறத்திலும் பெயரிலும் மொழியிலும் ஏற்கெனவே வேறாகத் தெரியும் ஒரு பிள்ளை, ஒரு விஷயத்திலாவது கலந்துவிட வேண்டும் என்று விரும்புவது நியாயமான விருப்பம்.

பயம் என்றால், அதாவது யாராவது கேலி செய்கிறார்கள், பறிக்கிறார்கள், வாங்கிவரச் சொல்லி மிரட்டுகிறார்கள் என்றால், ஜாக்கெட் வாங்கிக் கொடுப்பதால் தீராது. வகுப்பாசிரியரிடம் உடனே பேசுங்கள். பள்ளி வன்முறையைத் தெரிவிக்க 117 என்ற எண் இருக்கிறது. மிரட்டிப் பொருள் பறிப்பதும் கூட்டாக ஒதுக்குவதும் 2004இல் வந்த பள்ளி வன்முறைத் தடுப்புச் சட்டத்துக்குள் வருபவை. கொரிய மொழி வராது என்று தயங்காமல், பேசத் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துக்கொண்டு போங்கள்.

மேல்மட்ட மாடலை, கடன் வாங்கியாவது, வாங்கித்தர வேண்டுமா என்று கேட்டால் என் பதில் வேண்டாம் என்பதே. 10வது கேள்வியில் பார்த்தோம், உச்சிக்குப் போனவர்களையே அந்த வரிசை நிம்மதியாக விடுவதில்லை. அடுத்த வருடம் அவள் வேறொன்றுக்காக அழ வேண்டியிருக்கும். நடுவில் எங்கோ, கண்ணில் படாத ஓர் இடத்தில் அவளை நிறுத்தினால் போதும்.

16. குளிர் உடைன்னாலே இவ்வளவு வேதனையா? நல்லதா ஒண்ணும் இல்லையா?

இருக்கிறது. நெபோக் என்பது உள்ளே போடும் கதகதப்பான உடை. முதல் சம்பளம் வாங்கியதும் அம்மா அப்பாவுக்குச் சிவப்பு நிற நெபோக் வாங்கித் தருவது அங்கே பழைய வழக்கம். வீடுகள் சரியாகச் சூடாகாத காலத்தில் அது அருமையான பொருள். இப்போது பல பிள்ளைகள் பணமாகவே கொடுத்துவிடுகிறார்கள், ஆனாலும் முதல் சம்பளம் என்றால் சிவப்பு நெபோக் என்ற பேச்சு போகவில்லை. வெளியே யாருக்கும் தெரியாத, லோகோவுக்கு வேலையே இல்லாத உடை என்பதால் எனக்கு அது இன்னும் பிடிக்கும்.

தெருவிலும் அக்கறை இருக்கிறது. சியோலில் பல பேருந்து நிறுத்தங்களில் சூடேறும் பெஞ்சு வைத்திருக்கிறார்கள். குளிரில் காத்திருக்கும் பாட்டிகள் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுப்பார்கள், அப்படியே உங்கள் ஜாக்கெட்டைத் தொட்டுப் பார்த்து இது போதாது, கழுத்தை மூடு என்று கண்டிப்பார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

17. படிப்பு முடிஞ்சு ஊருக்குத் திரும்பறேன். சென்னையில இந்த ஜாக்கெட்டை என்ன பண்றது?

கொண்டுபோகாதீர்கள், புழுக்கத்தில் சிறகு நாறிவிடும். புதிதாக வரும் ஜூனியருக்குக் கொடுப்பதுதான் முதல் வழி. விற்பதானால் தாங்குனில் அக்டோபர் கடைசியில் போடுங்கள், முதல் குளிர் காற்று வீசிய வாரத்தில் நல்ல விலை வரும். பிப்ரவரியில் போட்டால் யாரும் சீண்ட மாட்டார்கள். 2002இலிருந்து நடக்கும் அருந்தாவுன் காகே என்ற அறக்கடைகளிலும் நல்ல நிலையில் உள்ள உடைகளை வாங்கிக்கொள்வார்கள். கொடுப்பதற்கு முன் துவைத்து, பைகளில் பேருந்து அட்டை ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.